நீ எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

மகனே, இதை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன். தமிழில் பேசுவாய், சண்டை போடுவாய், ஆனால் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இப்போது எனக்கு அதுதான் வசதி. போனில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நான் முடிப்பதற்குள் "செரிம்மா, செரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். இந்தத் தாளை அப்படித் தாண்டிப் போக முடியாது, ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்றுதான் வரவேண்டும். உன் பெண்டாட்டி கௌரி திருத்தணிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், மடமடவென்று படித்து இரண்டு வரியில் சாரத்தைச் சொல்லிவிடுவாள். அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. உட்கார்ந்து நீயே படி. எனக்கு உன் மேல் கோபம். அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் நீ செய்த காரியத்திலிருந்து கோபம். உன் மாமன் மகள் கல்யாணத்தில் உன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேனே, அப்போதும் கோபமாகத்தான் இருந்தேன். நீ கவனிக்கவில்லை.

நீ வாங்கி, ஆறு மாதம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்து, பிறகு அலமாரியில் போட்டுவிட்ட கேமராவை எனக்குக் கொடுத்தாய் அல்லவா, அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் அப்பா போன பிறகு நகரி வீட்டில் காலை நேரம் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. தறிக் கொட்டாய்க்கு ஒன்பது மணிக்குப் போனால் போதும். அதுவரைக்கும் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, கேமராவும் கையுமாகக் காத்திருப்பேன். மைனா வரும், தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து ரகளை பண்ணும், தேன்சிட்டு முருங்கைப் பூவுக்கு வரும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சின்னான் குருவி. கறுப்புத் தலை, அதில் சின்னக் கொண்டை, வாலுக்கு அடியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு. அதை ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரும் அதில் இறங்குகிற பைப்பும் எல்லாப் படத்திலும் வந்து நின்று என் உயிரை வாங்கியது. அதனால் கொட்டாயில் மீந்துபோன பச்சைத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, சட்டிக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். சுவர் மறைந்தது, பைப் மறைந்தது. அதற்கு முன்னால் சின்னான் கொண்டையை நிமிர்த்தி, உடம்பு வழவழவென்று, கழுத்தை நீட்டி, விறைப்பாக நின்ற ஒரு படம் எனக்குக் கிடைத்தது. கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின புதுப் புடவை மாதிரி மொடமொடப்பாக இருந்தது அந்தப் பறவை. நான் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகின அழகு அதுதானே.

அதை எடுத்துக்கொண்டுதான் உன்னோடு திருப்பதிக்கு வந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பறவைப் படம் எடுக்கிறவர்கள் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் கூடுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் நீதான், கூட்டிப்போனதும் நீதான். அதை நான் மறக்கவில்லை. அவர்கள் வழக்கம் உனக்கும் தெரியும், முதலிலேயே சொன்னார்கள். படத்தைத் திரையில் பெரிதாகப் போடுவார்கள். எல்லோரும் பார்த்து, எது நன்றாக வந்திருக்கிறது, எதை மாற்றினால் இன்னும் நன்றாக வரும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். எடுத்தவர் மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் பேசலாம். எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்தது. சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் சின்னான் திரையில் சுவர் அகலத்துக்கு வந்து நின்றது. ஸ்ராவணி, அந்தக் கால்நடை டாக்டருக்குப் படிக்கிற பெண், கையைத் தூக்கினாள். அவள் அம்மா திருவள்ளூர் பக்கம் என்பதால் எனக்காகத் தமிழிலேயே ஆரம்பித்தாள். "ஆன்ட்டி, கண்ணு சூப்பரா வந்துகீது. ஆனா இந்தப் பறவ..." என்றாள். அந்த 'ஆனா'வுக்காக நான் நகரியிலிருந்து வந்திருக்கிறேன் மகனே. முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். நீ எழுந்து நின்றாய்.

நீ தெலுங்கில்தான் பேசினாய், ஆனால் எனக்கு அது தமிழிலேயே கேட்டது. "எங்கம்மா வயசு இன்னான்னு தெரியுமா? தறிக் கொட்டாயில வேல செஞ்சிக்கினு, யாரும் சொல்லிக் குடுக்காம அவங்களா கத்துக்கினு இவ்ளோ எடுக்கிறாங்க. நீங்கள்லாம் லட்ச ரூபா லென்ஸ் வச்சிக்கினு கீறீங்க. அவங்ககிட்ட போயி குத்தம் சொல்லலாமா?" என்றாய். உன் குரல் நடுங்கியது. ஸ்ராவணி கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அப்புறம் யாரோ கைதட்ட ஆரம்பித்து, எல்லோரும் தட்டினார்கள். மேடையில் திருக்குறள் ஒப்பித்த குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி தட்டினார்கள். அடுத்ததாக ஒரு பையனுடைய மரங்கொத்திப் படம் வந்தது. அதைக் கால் மணி நேரம் பிய்த்து எடுத்தார்கள். வெளிச்சம் தப்பு, வால் வெட்டுப்பட்டுவிட்டது, கிளை வந்து மூக்கை மறைக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எனக்கு அவன் மேல் வந்த பொறாமை இருக்கிறதே, இந்த வயதில் எனக்குப் பொறாமை வரும் என்று நானே நினைக்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது நீ என் கையைப் பிடித்து, "விடும்மா, அவங்களுக்கு இன்னா தெரியும்" என்றாய். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. நான் அழுததைப் பார்த்து, அவர்கள் என்னை நோகடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். நோகடித்தது நீதான்.

நீ பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா? ஆனால் உன் பாசத்தோடு குடித்தனம் பண்ண முடியவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நான் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய், "சூப்பரா கீதும்மா" என்றாய். நீங்கள் கிளம்பிப் போன பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தபோதுதான் தெரிந்தது. உன் அப்பா இருந்தால் முதல் கவளத்திலேயே தட்டைத் தள்ளிவைத்து, "இன்னா இது, ஆஸ்பத்திரி சோறா?" என்று கேட்டிருப்பார். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அந்த மனுஷன் பாராட்டினால் எனக்கு நாள் முழுக்க இனிக்கும், ஏனென்றால் அவர் சும்மா பாராட்டுகிறவர் இல்லை. நீ சொல்கிற சூப்பரை எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்? உப்பில்லாத குழம்புக்கும் அதே சூப்பர், தேன்சிட்டுக்கும் அதே சூப்பர். கலங்கலாக, வெறும் வால் மட்டும் விழுந்த ஒரு படத்தைச் சோதித்துப் பார்க்கவே அனுப்பினேன். அதற்கும் இரண்டு இதயமும் ஒரு சூப்பரும் வந்தது.

நான் கொட்டாயில் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். தறியிலிருந்து இறங்கின துணியை வெளிச்சத்தில் பிடித்து, முழம் முழமாக இழுத்துப் பார்ப்பேன். இழை அறுந்திருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், நூல் தடித்திருந்தால், அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். தறிக்காரர் வந்து வட்டத்தைப் பார்ப்பார், "அடச்சே" என்பார், போய்த் தறியில் எது இளகியிருக்கிறது என்று பார்த்துச் சரிபண்ணுவார். அதற்காக யாரும் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. நான் வட்டம் போடவில்லை என்றால்தான் சண்டைக்கு வருவார்கள், "பாக்காமயே மடிச்சிட்டியா?" என்று. ஒரு பொருளில் இன்ன இடத்தில் இன்ன பிசகு என்று ஒருவர் சொன்னால், அதை அவர் முழுசாகப் பார்த்தார் என்று அர்த்தம். நீ என் படத்தைப் பார்க்கவே இல்லை மகனே. என் வயதைப் பார்த்தாய், என் வெள்ளை முடியைப் பார்த்தாய், தனியாக இருக்கிறாளே என்று பார்த்தாய். சின்னானை நீ பார்க்கவே இல்லை.

அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணியில் பிசகு தேடுகிற மாதிரி மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அடுத்த மாதம் உன்னிடம் சொல்லாமல், புத்தூர் வழியாகப் பஸ் பிடித்து நான் மட்டும் போனேன். ஆமாம், அன்றைக்கு நீ போன் பண்ணியபோது கோயிலில் இருக்கிறேன் என்று சொன்னது பொய். புதிதாக ஒரு மைனா படம் கொண்டுபோயிருந்தேன். திரையில் போட்டார்கள். "பாகுந்தி ஆன்ட்டி" என்றார் ஒருவர். "சால பாகுந்தி" என்றார் இன்னொருவர். போன மாதம் மரங்கொத்தியைப் பிய்த்த அதே வாய்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. என் மகன் எனக்கு அங்கே என்ன பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறான் பார் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து ஸ்ராவணி கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போய்ப் பிடித்துக்கொண்டேன். போன மாதம் பாதியில் நிறுத்தினாயே, அதைச் சொல் என்றேன். "வேணாம் ஆன்ட்டி, உங்க புள்ள பீல் பண்ணுவாரு" என்றாள். "அவன் பீல் பண்ணா நான் பாத்துக்கறேன். நீ சொல்லு" என்றேன். அவள் என் கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "மொதல்ல இந்தக் கண்ண பாருங்க. உள்ள வெளிச்சப் புள்ளி கீது பாருங்க, அது இவ்ளோ சுத்தமா எங்கள்ல யாருக்கும் வராது. பொறுமையா காத்துக்கினு இருந்து எடுத்துகீறீங்க." எனக்கு உச்சி குளிர்ந்தது. அதை நான் நம்பினேன், ஏனென்றால் அவள் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா இந்தப் பறவ பயந்துகீது ஆன்ட்டி. ரெக்க எல்லாம் ஒடம்போட ஒட்டிக்கினு கீது பாருங்க. கழுத்து நீண்டுகீது. கொண்ட வெறச்சிக்கினு கீது. இது போஸ் குடுக்கல. இன்னும் ஒரு செகண்டுல பறந்துடும்."

"பின்னாடி இன்னா ஆன்ட்டி அது, சுவரா?" என்று கேட்டாள். துணி என்றேன். "காத்துல ஆடுமா?" ஆடும் என்றேன். "அதான்" என்றாள். அவ்வளவுதான். நான் மொடமொடப்பு என்று நினைத்தது அந்தப் பறவையின் பயம். தண்ணீர் குடிக்க வந்த ஜீவனுக்குப் பின்னால் ஒரு பூச்சாண்டியைத் தொங்கவிட்டு, அது நடுங்குகிறதைப் பார்த்து என்ன கம்பீரம் என்று நான் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். "அப்புறம் நீங்க நின்னுக்கினு மேல இருந்து எடுக்கறீங்க. கீழ உக்காந்து, அது கண்ணுக்கு நேரா எடுங்க" என்றும் சொன்னாள். போகும்போது என் கையைத் தொட்டு, "கோவமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பொய். பயங்கரக் கோபம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அந்தப் பெண்ணோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நேற்றுப் பிறந்தவள், எனக்குச் சொல்ல வந்துவிட்டாள். துணி கட்டினால் என்ன, எத்தனை பேர் ஸ்டுடியோவில் துணி கட்டிப் படம் எடுக்கிறார்கள். உனக்குப் போன் பண்ணி, நீ அன்றைக்கு எழுந்து நின்றது சரிதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், நான் என்னவோ குறையைக் கேட்டதும் குதூகலித்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. வலித்தது. நன்றாகவே வலித்தது. காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு, அந்தத் துணியை அவிழ்த்து எடுத்து மடித்து வைத்தேன்.

துணி போனதும் சுவர் திரும்ப வந்தது, பைப்பும் வந்தது. முழங்கால் வலியோடு பலகை போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முதல் நாலைந்து நாள் எடுத்ததெல்லாம் குப்பை. எழுந்திருக்க முடியாமல் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு உன்னையும் ஸ்ராவணியையும் சேர்த்துத் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் சின்னான் வந்து தண்ணீருக்குள்ளேயே இறங்கியது. குளித்தது. சட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து உடம்பு இறகையெல்லாம் உப்பவிட்டு, பந்து மாதிரி ஆகி, ஒரு காலைத் தூக்கிக் காதோரம் சொறிந்தது. கண் பாதி மூடியிருந்தது. இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அந்தப் பறவை என் முன்னால் அவ்வளவு சோம்பேறித்தனமாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எடுத்தேன். படம் கலங்காமல் வந்தது.

அதைத்தான் குடும்பக் குழுவில் போட்டேன். வழக்கம்போல இதயங்கள் வந்தன. நீ "சூப்பர்மா" என்றாய். சாயந்திரம் கௌரி போன் பண்ணினாள். "அத்தே, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? குருவி அழகா கீது. ஆனா அந்த பைப்பு அது தலையில இருந்து மொளச்ச மாதிரி கீது. கொஞ்சம் அந்தாண்ட நவுந்து உக்காந்து எடுத்திருக்கலாம்" என்றாள். நான் எடுத்துப் பார்த்தேன். ஆமாம், தலைக்கு மேலே நேராகப் பைப் போகிறது. இவ்வளவு நாள் சேர்ந்து வாழ்ந்த குடும்பத்தில் என் படத்தைப் பார்த்த முதல் ஆள் என் மருமகள். "நல்லா சொன்னடி" என்றேன். அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது, இன்னொன்றும் சொன்னாள். இதை அவள் சொன்னதற்காக நீ அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசினாயானால் நான் ரேணிகுண்டாவுக்கு, உங்கள் வீட்டுக்கே கிளம்பி வந்துவிடுவேன்.

"இவரு வேல செய்யற கம்பெனியில ஷிப்டுக்கு முன்ன எல்லாரையும் வரிசையா நிக்க வெப்பாங்களாம் அத்தே. முந்தின நாள் இவரு லைன்ல வந்த தப்பு பீஸ எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டி, பேர் சொல்லிக் கூப்ட்டுச் சிரிப்பாங்களாம். அது வேற லைன் தப்பா இருந்தாலும் இவரு வாயத் தெறக்கக் கூடாதாம். அன்னிக்கி திருப்பதியில உங்க படத்தப் பெருசா போட்டு, நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னதும் அவருக்குத் தாங்கல. எங்கம்மாவையும் நிக்க வெச்சிட்டாங்களேன்னு வீட்டுக்கு வந்து சொன்னாரு" என்றாள்.

நான் கேட்கும்போதெல்லாம் "வேல நல்லா கீதும்மா" என்கிறாய். இத்தனை நாளும் தினம் காலையில் அந்த வரிசையில் நின்றுவிட்டு, சாயந்திரம் எனக்குப் போன் பண்ணி நல்லா கீது என்று சொல்லியிருக்கிறாய். என் மேல் இருக்கிற பரிதாபத்தில் எனக்குக் குறையும் சொல்லவில்லை, உன் வலியையும் சொல்லவில்லை. இப்போது என் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. உன் கம்பெனிக்காரன் செய்வதற்கும் அந்த மாடியில் நடப்பதற்கும் வித்தியாசம் உனக்குத் தெரிய வேண்டும். அவன் ஆளை நிறுத்தி வைத்துச் சிரிக்கிறான். அவனுக்கு அந்தப் பீஸ் சரியாக வேண்டும் என்ற எண்ணமே இல்லை, நீ கூனிக் குறுக வேண்டும். ஸ்ராவணிக்கு என் அடுத்த படம் நன்றாக வர வேண்டும். இரண்டிலும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சுட்டிக் காட்டினாலும் அது அவமானம்தான் என்று உனக்குப் பழகிப்போய்விட்டது.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு வா. கௌரியையும் கூட்டி வா, இல்லை தனியாகவே வா. எனக்கு எதுவும் வாங்கி வராதே, என் படம் எதையும் பார்க்க வேண்டாம். அந்த வரிசையில் என்ன நடக்கிறது, யார் என்ன சொல்கிறான், எந்தத் தப்பு நிஜமாகவே உன் கையில் நடந்தது, எது உன் தலையில் கட்டினது, எல்லாவற்றையும் உட்கார்ந்து என்னிடம் சொல். வேலையை விடுவதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம். உன் மேல் தப்பே இருக்காது ராசா என்று நான் சொல்லப் போவதில்லை. இருந்தால், இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வேன். சொல்லிவிட்டுச் சோறு போடுவேன்.

உன் அம்மா